நடுவே நிற்கும் இருவர்: பையிங் ஏஜென்டும் கேலரிக்காரரும்

கமிஷன் ஒருவரிடமிருந்து வருகிறது. நல்ல யோசனையை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இக்கட்டிலேயே காலமெல்லாம் தொழில் நடத்தும் இருவரை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் திருப்பூரின் பையிங் ஏஜென்ட். மற்றவர் தற்காலக் கலைக்கென்று கேலரி நடத்துபவர். சில ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் பிரதிநிதியாக நிற்பவர், வாங்க வருகிற சேகரிப்பாளருக்கு ஆலோசகராகவும் இருப்பவர். முதலாமவர் கையில் லட்சக்கணக்கான டி-சர்ட்டுகள் நகர்கின்றன. இரண்டாமவர் கையில் ஓராண்டில் நகர்பவை விரல்விட்டு எண்ணத்தக்க படைப்புகள். அளவில் இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் அமைப்பில் இத்தனை நெருங்கியிருப்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கு என்னை இழுத்தது.

ஏஜென்ட், ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ இருக்கும் பையருடைய ஆள். பையருக்காகக் கம்பெனி பார்க்கிறார், ரேட் பேசுகிறார், சரக்கைச் சோதிக்கிறார். ஆனால் அவருடைய கமிஷன் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலைக்குள் அடங்கியிருக்கும்; ஷிப்மென்ட் போய்ப் பணம் வந்தபின் அதை எடுத்துக் கொடுப்பவர் ஏற்றுமதியாளர். கேலரிக்காரர் இதன் கண்ணாடிப் பிம்பம். அவர் ஓவியருடைய ஆள். ஓவியரின் படைப்பைச் சுவரில் ஏற்றி, அதைப் பற்றி எழுதவைத்து, விலை வைத்து, விற்ற தொகையில் தம் பங்கைப் பிடித்துக்கொள்கிறார். ஆனால் எதிர் நாற்காலியில் அமர்ந்து ‘இதை வாங்கலாமா?’ என்று கேட்பவர் சேகரிப்பாளர். அங்கே வாங்குபவரின் ஆள் செய்பவரின் பணத்தில் வாழ்கிறார். இங்கே செய்பவரின் ஆள் வாங்குபவருக்கு வழி சொல்கிறார். இரண்டிலும் கழிவு விழுவது செய்பவர் தலையில்.

ஆகையால் இருவருடைய நம்பகத்தன்மைக்கும் ஒரே உரைகல்தான் இருக்கிறது: தமக்கு வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்து ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிகிறதா? ‘இந்த ரேட்டுக்கு எடுத்தா உங்களுக்குக் கட்டாதுங்க, விட்டுடுங்க’ என்று ஏற்றுமதியாளரிடம் சொல்லும் ஏஜென்ட் அந்த ஆர்டரின் கமிஷனை இழக்கிறார். ‘இந்தத் தொடரில் இது பலவீனமானது, அடுத்த கண்காட்சிவரை பொறுங்கள்’ என்று சேகரிப்பாளரிடம் சொல்லும் கேலரிக்காரர் அன்றைய விற்பனையை இழக்கிறார். இழந்ததைவிடப் பெரியது பின்னால் திரும்பி வரும் என்பது இரண்டு தொழிலிலும் அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். புதிதாக வருபவர்களால் அந்த முதல் சில ஆண்டுகளைத் தாங்க முடிவதில்லை. இரண்டு தொழிலும் அந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

பங்கின் அளவில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஏஜென்டுக்குப் பொதுவாக 3 முதல் 5 சதவீதம். கேலரிக்கு மூன்றில் ஒரு பங்கு முதல் சரிபாதி வரை. திருப்பூர்க்காரர் இதைக் கேட்டதும் புருவத்தை உயர்த்துவார்; அந்த வியப்பு நியாயமானது. பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரே ஸ்டைலில் 50,000 பீஸ் போகும்போது ஒவ்வொரு பீஸிலும் சில ரூபாய் போதும். ஒரே ஒரு கேன்வாஸ், அதுவும் மூன்றாண்டு சுவரில் தொங்கிய பிறகு விற்கும்போது, வாடகை, படச் சட்டம், விளக்கு, கேட்டலாக், காப்பீடு எல்லாவற்றையும் அந்த ஒன்றே சுமக்க வேண்டும். இருந்தாலும் பாதிப் பங்கு தானாக நியாயமாகிவிடாது என்பது என் கருத்து. ஓவியருக்கு விற்காத காலத்திலும் முன்பணம் கொடுத்து, படைப்புகளை ஆவணப்படுத்தி, அருங்காட்சியகங்களின் பார்வைக்குக் கொண்டுசேர்க்கும் கேலரிக்கு அது தகும். சுவரை மட்டும் தரும் கேலரிக்குத் தகாது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் போல் துரான்-ருயேல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களை யாரும் சீண்டாத காலத்தில் அவர்களுடைய படங்களை மொத்தமாக வாங்கி, மாதாமாதம் பணம் கொடுத்துத் தாங்கினார். ஏற்றுமதியாளருக்கு வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் செய்யும் வேலையை ஓவியருக்கு அவர் செய்தார். ஆனால் வங்கிக்கு எல்.சி. எனும் கடனுறுதிக் கடிதம் கையில் இருக்கும், துரான்-ருயேலுக்குத் தம் கண்ணைத் தவிர வேறு ஈடு இல்லை.

இரு தொழிலும் எங்கிருந்து முளைத்தன என்று பார்த்தால் இன்னொரு ஒற்றுமை தெரிகிறது. மும்பையில் 1963-இல் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரியின் மாடியில் கேலரி கெமோல்டைத் தொடங்கிய கேகூ காந்தி, அதற்கு முன்பு 1940-களிலிருந்தே படச் சட்டம் செய்து விற்றவர். சட்டம் போட வந்த ஓவியங்களையும் ஓவியர்களையும் பார்த்துப் பார்த்துத்தான் அந்தக் கேலரி உருவாயிற்று. திருப்பூரின் முதலாளிகளில் பெரும்பங்கினர் தறியிலும் தையல் மிஷினிலும் செக்கிங் டேபிளிலும் தொடங்கி மேலே வந்தவர்கள் என்பதை ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகக் காட்டுகிறது. ஒரு பொருளின் துணைவேலையைச் செய்துவந்தவர் அந்தப் பொருளுக்கே வாசலாக மாறுவது இரு இடத்திலும் நடந்திருக்கிறது. மும்பையும் இரண்டு கதைகளிலும் வருகிறது. 1978-இல் இத்தாலிய இறக்குமதியாளர் வெரோனா வெள்ளை டி-சர்ட்டைத் தேடித் திருப்பூருக்கு வந்ததே மும்பை ஏற்றுமதி வணிகர்கள் வழியாகத்தான். பனியன் இங்கே பின்னப்பட்டது; அதற்குக் கதவைத் திறந்தவர்கள் அங்கே இருந்தார்கள். நம் ஊர் ஓவியர்களுக்கும் நெடுங்காலம் அதே நிலைதான்.

நடுவாள் இல்லாமலே நின்று காட்டிய ஓர் எதிர்ச்சான்றும் நம்மிடம் இருக்கிறது. அது துணியிலிருந்து பிறந்தது என்பதால் திருப்பூர் வாசகர் அதைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1960-களில் சென்னை அரசு கலை, கைவினைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் ஓர் உண்மையைக் கண்டார்: படித்து வெளியேறும் மாணவர்களில் ஓவியத்தை நம்பி வாழக்கூடியவர்கள் மிகச் சிலர். அன்று சென்னையில் சேகரிப்பாளர்களும் குறைவு, கேலரிகளும் குறைவு. மாணவர்களும் ஆசிரியர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மெழுகு தடவி, சாயம் முக்கி, பாட்டிக் துணிகள் செய்து கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாயிற்று.

பகலில் ஓவியம் வரையும் சுதந்திரத்தைத் துணியில் ஏறிய சாயம் வாங்கிக் கொடுத்தது. பாட்டிக் விற்றவர்களில் பலர் பின்னாளில் இந்தியாவெங்கும் பெயர்பெற்றார்கள். அவர்களே வீடு கட்டினார்கள், அவர்களே கண்காட்சிக் கூடம் வைத்துக்கொண்டார்கள், விற்பனையையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். ஏஜென்ட் வேண்டாம் என்று நேரடியாகப் பையரைப் பிடிக்கும் ஏற்றுமதியாளரின் துணிச்சலுக்கு இது ஒப்பானது. ஆனால் அதன் வரம்பும் இங்கேயே தெரிகிறது. கூட்டாக நிலம் வாங்க முடிந்தது; ஒவ்வொருவருடைய படைப்பையும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் எடுத்துப்போய்ப் பத்து, இருபது ஆண்டு விடாமல் பேசுவதற்குத் தனி ஆள் வேண்டியிருந்தது. கேலரி கெமோல்டும் டெல்லியில் 1987-இல் தொடங்கிய வதேரா கேலரியும் தங்கள் ஓவியர்களுக்குச் செய்ததை, நன்கு வரையத் தெரிந்த சென்னை ஓவியர்கள் பலருக்குச் செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. இவர்கள் சேர்ந்த மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கு அதன் தரத்துக்கேற்ற விலையும் கவனமும் காலம் தாழ்ந்து வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன். நடுவாள் வாங்கும் பங்கைக் குறைசொல்வது எளிது. நடுவாள் இல்லாததன் விலையைக் கணக்கிடுவது கடினம்.

இனி சாம்பிளுக்கு வருவோம். திருப்பூரில் சாம்பிள் விற்பனைக்கல்ல. பையர் கையெழுத்திட்டு, டேக் கட்டி, முத்திரை வைத்த சீல் சாம்பிள் புரொடக்ஷன் ஃப்ளோரில் தொங்கும்; அதன்பின் தைக்கப்படும் ஒவ்வொரு பீஸும் அதற்கு ஒத்திருக்க வேண்டும். ஓவியத்தில் சாம்பிளே சரக்கு. ஒன்றுதான் இருக்கிறது, அதுதான் போகிறது. இத்தோடு ஒப்பீடு முடிந்துவிட்டது என்று தோன்றும். அச்சோவியத்தின் பக்கம் திரும்பினால் நிலைமை மாறுகிறது. உலோகத் தகட்டிலோ கல்லிலோ வரைந்து 25 பிரதி எடுக்கும் ஓவியர், பல சோதனை அச்சுகளுக்குப் பிறகு ஒன்றில் ‘இதுதான்’ என்று கையெழுத்துப் போடுவார். அச்சுக்கூடத்தில் அது கண்ணெதிரே மாட்டப்படும். அதற்கு ஒத்து வராத பிரதி கிழித்துப் போடப்படும். தேறியவற்றின் அடியில் 1/25, 2/25 என்று எண் எழுதப்படும். நம் நாட்டில் ஆர்.எம். பழனியப்பன் போன்ற அச்சோவியர்கள் வாழ்நாள் முழுதும் உழைத்த முறை இது. சீல் சாம்பிள், ஃப்ளோர், ரிஜெக்ஷன், பீஸ் நம்பர்: திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவரை அச்சுக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிராது. ஒரு வேறுபாடு மட்டும் அவரை நிறுத்தி யோசிக்க வைக்கும். அவருடைய ஊரில் ரிப்பீட் ஆர்டர் வந்தால் கொண்டாட்டம். இங்கே 25 முடிந்ததும் தகட்டின் குறுக்கே கீறிவிடுவதும் உண்டு, ரிப்பீட் என்றைக்கும் வரக் கூடாது என்பதற்காக.

மெர்ச்சண்டைசரின் மேசைக்குப் பக்கத்திலேயே இன்னும் நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது. சாம்பல் நிற உட்புறம் கொண்ட லைட் பாக்ஸ். லேப் டிப் வந்ததும், அந்தச் சிறிய துணித் துண்டைப் பையர் அனுப்பிய ஸ்வாட்ச்சோடு ஒட்டிவைத்து, முதலில் டி65 எனும் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். பிறகு டிஎல்84 எனும் கடை விளக்கு வெளிச்சத்தில். பிறகு புற ஊதாவில். பகலில் அச்சாக ஒத்திருந்த இரண்டு நீலங்கள் கடை விளக்கில் பிரிந்துவிடும்; ஒன்று பச்சைப் பக்கம் சாயும், மற்றது சிவப்புப் பக்கம். ஷேட் தவறிப் போனால் கன்டெய்னரே திரும்பும் என்பதால் இந்தப் பெட்டிக்குள் யாரும் அவசரப்படுவதில்லை.

கேலரியின் வெளிச்சத்தை அந்தப் பெட்டியின் நினைவோடு பார்க்க வேண்டும். வெள்ளைச் சுவர், மேலிருந்து சாய்வாக விழும் ஸ்பாட் லைட். அந்த வெளிச்சத்தில் ஒளிர்ந்த காவி, வீட்டுக் கூடத்தின் எல்.இ.டி. குழல் விளக்கின்கீழ் மண்ணாகத் தெரியலாம். நல்ல கேலரிக்காரர் படத்தை வீட்டுக்கு அனுப்பி, சில நாள் சுவரில் வைத்துப் பாருங்கள், பிறகு பேசலாம் என்கிறார். அதுவும் ஒரு லைட் பாக்ஸ்தான்.

இந்த உறவு வெறும் ஒப்புமையாக நிற்கவில்லை; பொருளாகவே கைமாறியிருக்கிறது. சாயத்தின் வெளிச்ச உறுதியை அளக்க ஜவுளி ஆய்வகங்களில் நீலக் கம்பளித் துண்டுகள் எட்டு பயன்படுகின்றன. முதலாவது மிக வேகமாக வெளுக்கும். எட்டாவது மிக மெதுவாக. சோதிக்க வேண்டிய துணியை இவற்றோடு சேர்த்து விளக்கின்கீழ் வைத்து, எதனோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களும் தங்கள் கூடங்களில் விழும் வெளிச்சம் நீர்வண்ண ஓவியங்களுக்கு எவ்வளவு கேடு செய்கிறது என்று அறிய இதே கம்பளித் துண்டுகளைத்தான் வைக்கின்றன. துணிக்காக உருவான அளவுகோல் ஓவியத்துக்குக் காவல் நிற்கிறது. காகிதத்தில் வரைந்த படத்தை வாங்கும் திருப்பூர்க்காரர் ‘வெயில் படும் சுவரில் மாட்டலாமா?’ என்று கேலரியைக் கேட்கும் முன்பே, சாயப்பட்டறை லேப்பில் வேலை பார்க்கும் தம்பியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்ஸ்பெக்ஷனில் இருவரும் எதிரெதிர்த் திசையில் போகிறார்கள். 5,000 பீஸ் கொண்ட லாட்டில் வழக்கமான ஏ.க்யூ.எல். 2.5 கணக்குப்படி 200 பீஸ் எடுத்துப் பார்க்கிறார்கள். 10 பழுதுவரை லாட் தேறும், 11 ஆனால் விழும். எத்தனை பழுது பொறுக்கத்தக்கது என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் நேர்மை அந்தக் கணக்கில் இருக்கிறது. கேலரியில் லாட் என்பதே ஒன்று. அனுப்பும் முன்பும் பெற்ற பின்பும் படத்தின் ஒவ்வொரு மூலையையும் பார்த்து, வெடிப்பு, கறை, சட்ட இடுக்கின் தேய்வு எல்லாவற்றையும் குறித்து, நிழற்படம் எடுத்து வைக்கிறார்கள். தவிர, வண்ணம் வழிந்து நிற்பது பழுதா, ஓவியர் நினைத்துச் செய்ததா என்ற கேள்வி பனியனில் எழாது. இங்கே அதற்கு விடை சொல்ல ஓவியரைத் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார்.

சரக்கைப் போலவே தாளையும் நம்பித்தான் இரண்டும் ஓடுகின்றன. ஆர்கானிக் பருத்தி என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஜின்னிங், ஸ்பின்னிங், நிட்டிங், டையிங் என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு சான்றிதழ் தொடர்ந்து வரவேண்டும். ஓவியமும் அப்படியே. ஓவியரிடமிருந்து யாரிடம் போனது, எந்தக் கண்காட்சியில் இருந்தது, எப்போது கைமாறியது என்ற தொடர்ச்சி அறுந்தால் விலையும் அறும். தாளைப் பொய்யாக்கும் மோசடியும் இரண்டுக்கும் பொது. 2020-இல் ஆர்கானிக் துணிக்கான உலகத் தர அமைப்பான காட்ஸ், இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழில் ஆர்கானிக் என்று கடத்தப்பட்டதைக் கண்டறிந்து அறிவித்தது. 2011-இல் கொல்கத்தா அரசு கலைக் கல்லூரியில் ரவீந்திரநாத் தாகூருடையவை என்று காட்சிக்கு வைக்கப்பட்ட 20 படங்களும் போலி என்று தொல்லியல் துறை நிபுணர்கள் முடிவுசொன்னார்கள். என் பார்வையில் இந்த ஒரு விஷயத்தில் கேலரி உலகம் திருப்பூரிடம் பாடம் கேட்க வேண்டும். நூலிலிருந்து பேக்கிங்வரை ஆவணம் காட்டச் சொல்லிப் பையர்கள் நெருக்கியதில் திருப்பூர் கற்றுக்கொண்ட ஒழுங்கு, இந்தியாவின் பல கேலரிகளில் இன்னும் பழக்கமாகவில்லை.

பெயர் விஷயத்தில் பாடம் எதிர்த்திசையில் போக வேண்டும். டி-சர்ட்டின் கழுத்தில் பையருடைய பெயர் இருக்கிறது. தைத்த கம்பெனியின் பெயர் எங்கும் இல்லை. ஆர்டர் ரத்தாகிச் சரக்கு தேங்கினால், அதைத் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்கு அனுப்பும் முன் லேபிளை வெட்டி எடுக்க வேண்டும். சரக்கு கைவிடப்பட்ட பிறகும் பெயர் வாங்கியவருடையதாகவே இருக்கிறது. ஓவியத்தில் பெயர் செய்தவருடையது. வாங்கியவர் எத்தனை கோடி கொடுத்தாலும் அந்தக் கையெழுத்துக்கு மேல் தம் பெயரைப் போட முடியாது. அழிக்கவும் முடியாது என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்கென்று செய்த பிரம்மாண்டமான வெண்கலப் புடைப்புச் சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றிச் சேமிப்புக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, எஞ்சிய சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. விலை கொடுத்து வாங்கியவரே அதைச் சிதைக்க உரிமையற்றவர் என்று ஆயிற்று.

ஏற்றுமதி தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டாகியும், 2024-25-இல் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய்ப் பின்னலாடை அனுப்பிய ஊரின் பெயர் அந்த ஆடைகள் எதிலும் இல்லாதது எனக்கு ஆறாத குறை. கேலரிக்காரர் தமக்குக் கிடைக்கும் பங்குக்கு ஈடாகச் செய்யும் முதல் வேலை, செய்தவர் பெயரை உலகம் சொல்லும்படி செய்வது. பையிங் ஏஜென்டின் வேலை ஒப்பந்தத்தில் அந்தப் பெயரை மறைத்து வைப்பதும் பல நேரங்களில் அடங்கியிருக்கிறது. யார் தைக்கிறார்கள் என்று போட்டிப் பையருக்குத் தெரியக் கூடாது. ஒருவர் விளக்கேற்றுகிறார், மற்றவர் திரை போடுகிறார். இருவரும் ஒரே இடத்தில் நிற்பதால் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

இருவருக்கும் ஒரே அச்சமும் உண்டு: நம்மைத் தாண்டிப் போய்விடுவார்களோ? பையர் கம்பெனியோடு நேரே பேசத் தொடங்கிவிட்டால் ஏஜென்டுக்கு இடமில்லை; பெரிய பிராண்டுகள் தங்கள் சொந்த அலுவலகத்தைத் திறந்தபோது அதுதான் நடந்தது. சேகரிப்பாளர் நேராக ஓவியரின் ஸ்டுடியோவுக்குப் போய் ‘கேலரி விலையில் பாதி தருகிறேன்’ என்றால் ஓவியருக்கு அன்று லாபம்தான். ஆனால் அந்தப் பாதி விலை வெளியே கசிந்தால், முன்பு முழு விலை கொடுத்தவர்கள் எல்லோருடைய சுவரிலும் உள்ள படம் ஒரே நாளில் மதிப்பிழக்கிறது. டி-சர்ட்டில் இது நடக்காது. போன வருடம் வாங்கிய டி-சர்ட் இந்த வருடம் என்ன விலை என்று அணிந்திருப்பவர் கேட்பதில்லை.

ஆகவே, ஆழமான வேறுபாடு காலத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஷிப்மென்ட் போய், பணம் வந்து, கிளெய்ம் எதுவும் வரவில்லை என்றால் ஏஜென்டுக்கு அந்த ஸ்டைல் முடிந்தது. கேலரிக்காரருக்கு விற்ற அன்றுதான் தொடக்கம். அந்தப் படம் மறுவிற்பனைக்கு வருமா, ஏலத்தில் அடிமட்ட விலைக்குப் போகுமா, ஓவியரின் அடுத்த கண்காட்சியை அது தாங்குமா, கெடுக்குமா என்ற கவலை அவரை விடாது. 1954-இல் எம்.எஃப். ஹுசைன் வரைந்த ‘கிராம யாத்ரா’வை அப்போது டெல்லியில் இருந்த ஒரு மருத்துவர் வாங்கினார், பிறகு ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்தார். 2025 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் அது ஏறத்தாழ 118 கோடி ரூபாய்க்குப் போனது. ஓவியர் மறைந்து ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூலப் படைப்பில் ஓவியருக்கோ வாரிசுக்கோ 10 சதவீதம்வரை பங்கு உண்டு என்கிறது. சட்டத்தில் இருப்பது நடைமுறையில் கைக்கு வருவது அரிது. அந்தப் பங்கைக் கேட்டு வாங்கித் தர வேண்டியவர் யார் என்றால், மறுபடியும் அந்த நடுவாள்தான்.

காலத்தைக் கடந்து யோசிக்காமல், ஓவியத்தைத் துணி விலையில் பேசிய ஒரு பருவமும் இந்தியாவில் வந்துபோனது. 2005 முதல் 2008 வரை ஓவியச் சந்தை கொதித்தபோது சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று விலை சொன்னார்கள், ஜி.எஸ்.எம். பார்த்து ஃபேப்ரிக் வாங்கும் பழக்கம் அப்படியே கேன்வாஸுக்கு ஏறியது. 2006-இல் 100 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிய ஓசியான்ஸ் கலை நிதியம் மூன்று ஆண்டுகள் கழித்து முதலீட்டாளர்களுக்குப் பணத்தைக் குறித்த காலத்தில் திருப்ப முடியாமல் திணறியது. ஃபேப்ரிக் தேங்கினால் வேறு ஸ்டைலுக்கு வெட்டலாம். தேங்கிய படத்தை வேறெதற்கும் வெட்ட முடியாது.

எல்லையைக் கடக்கும்போது இரண்டுக்கும் நேர்ந்த விதி 2025-இல் வியக்கத்தக்க விதத்தில் பிரிந்தது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரியை விதித்தபோது திருப்பூரின் டி-சர்ட் அடிபட்டது. ஓவியங்களோ, நூல்களையும் திரைப்படங்களையும் போலத் தகவல் சார்ந்த பொருள்கள் என்ற விலக்கில் அந்த வரிக்குத் தப்பின. இந்தியப் பக்கத்திலோ நிலைமை தலைகீழ். டி-சர்ட் எத்தனை வேண்டுமானாலும் வெளியே போகலாம். ரவி வர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்-கில் உட்பட ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டுக்கு வெளியே விற்பனைக்குப் போக முடியாது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் உள்நாட்டு ஜி.எஸ்.டி.யில் ஓவியம், சிற்பம் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. 2,500 ரூபாய்வரையான ஆடைக்கும் 5-தான். வரிப் பட்டியல் ஒன்றில் பனியனும் ஓவியமும் அருகருகே வந்து நின்றன.

திருப்பூர், கோவை வட்டாரத்தில் துணியும் கலையும் முன்பே சந்தித்திருக்கின்றன. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ராவைத் தலைமையேற்று நடத்திய கஸ்தூரி சீனிவாசனின் பெயரிலான அறக்கட்டளை, கோவை அவினாசி சாலையில் கலைக்கூடத்தையும் ஜவுளி அருங்காட்சியகத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ராஜஸ்ரீ பதி கோவையில் தற்காலக் கலைக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். திருமுருகன்பூண்டியில் பின்னலாடைக் கண்காட்சி வளாகமும் கல் சிற்பிகளின் பட்டறைகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பையர்கள் வந்துபோகும் பாதையில் உளிச்சத்தம் கேட்கிறது. ஆனால் அந்தச் சிற்பிகளுக்கு ஆர்டர் பிடிப்பவர்கள் உண்டு. பிரதிநிதி என்று சொல்லத்தக்க யாரையும் நான் அறியேன். இவ்வட்டாரத்து ஓவியர்களில் கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்த ஏ.வி. இளங்கோவின் காளைகள் சென்னையில் புகழ்பெற்றே கொங்கு வீடுகளுக்குத் திரும்பி வருகின்றன.

புது வீடு கட்டி முடித்து, கூடத்துச் சுவருக்கு முதல் ஓவியம் வாங்க நினைக்கும் திருப்பூர்க் குடும்பத்துக்குக் கேலரியில் தயங்கி நிற்கக் காரணமே இல்லை. கேட்க வேண்டியவற்றில் பாதியை அவர்கள் தினமும் ஆபீஸில் கேட்கிறார்கள். இந்தப் படம் உங்கள் கைக்கு எப்படி வந்தது, தாள் இருக்கிறதா? எத்தனை பிரதி, இது எத்தனையாவது? விற்றால் ஓவியருக்கு எத்தனை நாளில் பணம் போகும்? கடைசிக் கேள்வி குறிப்பாக முக்கியம். ஜாப் ஒர்க் செய்பவருக்குக் கடைசியில் பணம் தரும் கம்பெனியைப் பற்றி ஊர் என்ன நினைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஓவியருக்குக் கடைசியில் தரும் கேலரியைப் பற்றியும் அதையே நினைக்கலாம். அவர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான், பையிங் ஏஜென்டிடம் யாரும் கேட்டிராத கேள்வி: ஐந்து வருடம் கழித்து நான் இதைத் திருப்பிக் கொண்டுவந்தால் நீங்களே எடுத்து விற்றுக் கொடுப்பீர்களா? அதற்குக் கேலரிக்காரர் உடனே ‘ஆகட்டும்’ என்று சொல்லாமல், எந்த ஓவியருக்கு அப்படிச் சொல்ல முடியும், எவருக்கு முடியாது என்று பிரித்துச் சொல்வாரானால், அவரிடம் வாங்கலாம்.